சுருங்கும் வட்டம்: விஞ்ஞானப் புனைவும் வன்னி இளைஞர் இரசனையும்

1

விஞ்ஞானப் புனைகதை, யப்பானிய அனிமே, கணினி விளையாட்டு ஆகிய மூன்றும் ஈழத்துத் தமிழ்த் திறனாய்வின் கவனத்தைப் பெரிதும் பெற்றனவல்ல. அவற்றை நுகர்வோர் பெரும்பாலும் இளைஞராயிருப்பதும், அவை பல்தேசியக் கம்பனிகளின் பண்டங்களாக எம்மிடம் வந்து சேர்வதும் இப்புறக்கணிப்புக்குக் காரணங்களாகலாம். ஆயின், இவற்றினும் ஆழமான காரணம் எமது விமரிசன மரபிலேயே உள்ளது. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) முதலாக வளர்ந்த முற்போக்குத் திறனாய்வு, புனைகதையின் வரலாற்றை யதார்த்தவாதத்தின் வரலாறாகவே நோக்கியது. சமூக இயக்கத்தை உள்ளவாறு காட்டும் எழுத்தே உயர்ந்தது என்ற நிலைப்பாடு அன்று தேவையானதாகவும் பயனுள்ளதாகவும் இருந்தது. சாதியத்தையும் நிலவுடைமையையும் மறைத்த மிகைக்கற்பனைகளுக்கு எதிராக அது நடத்திய போராட்டம் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. அம்மரபில் வந்தவர்களென்ற வகையில் நாமும் அதற்குக் கடமைப்பட்டவர்களே.

எனினும், அவ்வளவுகோல் ஒரு வினாவை எழுப்பாமலே விட்டுவிட்டது. யதார்த்தமே நம்பத்தகாததாக மாறிவிடும் காலமொன்றில், அதனைக் கூறத்தக்க உருவம் யாது என்பதே அவ்வினா.

இவ்வினாவை எம்முன் வைத்தவர் ஓர் எழுத்தாளரல்லர். கிளிநொச்சியிற் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றிற் பணிபுரியும், இருபதுகளின் நடுப்பகுதியிலுள்ள இளைஞரே அவர். 2009இல் அவருக்கு ஒன்பது வயது. இறுதி யுத்தத்தின் இடப்பெயர்வுகள் அனைத்தையும் தாயோடு நடந்து கடந்தவர். எமது தொலைபேசியைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வேளையில் ஆரம்பித்த உரையாடல் பின்னர் பல மாலைகள் தொடர்ந்தது. தாம் பார்த்த அனிமேக்கள், விளையாடிய விளையாட்டுகள், வாசித்த சில நூல்கள் என்பன பற்றி அவருக்குத் திட்டவட்டமான கருத்துகள் இருந்தன. அவற்றுட் சிலவற்றோடு நாம் உடன்படுகிறோம். வேறு சிலவற்றோடு முரண்படுகிறோம். இக்கட்டுரை அவற்றை ஓர் இரசிகரின் பொழுதுபோக்குக் கூற்றுகளாக அன்றி, வரலாற்று அனுபவமொன்றிலிருந்து பிறந்த இலக்கியத் தீர்ப்புகளாகக் கொண்டு ஆராய முனைகிறது.

2

விஞ்ஞானப் புனைவை மார்க்சிய நோக்கில் முறையாக அணுகியவர்களுள் டார்க்கோ சுவின் முதன்மையானவர். 1979இல் வெளிவந்த தமது நூலில், இவ்விலக்கிய வகையின் இயல்பை அறிவார்ந்த அந்நியப்படுத்தல் எனும் கருத்தால் அவர் வரையறுத்தார். எமக்குப் பழகிய உலகிலே இல்லாத ஒரு புதுமையைப் படைப்பு புகுத்துகிறது. அப்புதுமை தர்க்கரீதியாக விளக்கத்தக்கதாயிருக்கிறது. அதன் வழியே நின்று பார்க்கும்போது, இயல்பென நாம் ஏற்றுக்கொண்ட சமூக ஒழுங்கு வரலாற்றிலே ஆக்கப்பட்டது, எனவே மாற்றப்படக்கூடியது என்பது புலனாகிறது. அந்நியப்படுத்தல் என்ற எண்ணக்கருவைச் சுவின் பிரெக்ட்டிடமிருந்து பெற்றார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பிரெக்ட் எமக்குப் புதியவரல்லர். 1960களின் பிற்பகுதியிற் கூத்துருவில் வர்க்கப் போராட்டத்தைக் காட்டிய மௌனகுருவின் ‘சங்காரம்’, 1985இல் மேடையேறிய குழந்தை சண்முகலிங்கத்தின் ‘மண்சுமந்த மேனியர்’ ஆகியன யதார்த்தப் பாணி நாடகங்களல்ல. அவற்றை எமது முற்போக்கு விமரிசனம் தயக்கமின்றி வரவேற்றது. அரங்கிலே அனுமதித்ததைப் புனைகதையிலே ஏன் அனுமதிக்கவில்லை என்பதற்கு எம்மிடம் திருப்தியான விடை இல்லை. அரங்கத்தில் அந்நியப்படுத்தல் மக்கள் முன்னிலையில் நிகழ்ந்தது. புனைகதையில் அது சஞ்சிகைச் சந்தையின் வழியாகவே வந்தது என்பது விடையின் ஒரு பகுதியாகலாம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ‘ஆனந்த விகட’னிற் தொடராக வெளிவந்தபோது அதனை விறுவிறுப்புச் சரக்கென ஒதுக்குவது எளிதாயிருந்தது. எமது இளைஞர் அந்நூலைப் பழைய பிரதியொன்றில் வாசித்திருந்தார். “நாய்க்குட்டி இயந்திரம் நல்லாக் கதைக்குது சேர். சனம்தான் ஒண்டும் செய்யாமல் இருக்குது” என்பது அவரது கருத்து. சர்வாதிகாரியை வீழ்த்தும் பணி ஓரிரு தனிமனிதரிடமும் ஓர் இயந்திரத்திடமும் விடப்பட்டிருப்பதை அவர் ஒரே வாக்கியத்திற் சுட்டிவிட்டார்.

சுவினின் நூல் வெளிவந்த 1979ஆம் ஆண்டிலேயே இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் ஆங்கில நாவலொன்றும் வெளியாகியது. இத்தீவின் சாயலிலமைந்த தப்ரபேன் என்னும் நிலத்தின் மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் உயர்த்தியொன்றை அமைப்பதே அதன் கதை. அவ்வாண்டு யூலையிலேயே பயங்கரவாதத் தடைச்சட்டமும் இந்நாட்டில் நிறைவேற்றப்பட்டது. இரண்டுக்குமிடையே நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரே தீவின் எதிர்காலம் ஒரே ஆண்டில் இருவகையாக வரையப்பட்டது. வன்னி மக்களுக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது எதிர்காலமே.

அது வந்த விதமும் கவனத்திற்குரியது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை. மக்கள் ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விளக்கேற்றினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அதே நிலத்தின் மேலே கிபிர் விமானங்கள் பறந்தன. பின்னர் ஆளில்லா வேவு விமானங்கள் வட்டமிட்டன. அவற்றின் இரைச்சலை வைத்து மக்கள் அவற்றுக்கு ‘வண்டு’ எனப் பெயரிட்டனர். உலகின் மிக முன்னேறிய போர்த் தொழினுட்பமும் மிகப் பின்தள்ளப்பட்ட வாழ்க்கைச் சாதனங்களும் ஒரே பொழுதில், ஒரே வானத்தின் மேலும் கீழுமாக இருந்தன. சமனற்ற, ஆனால் ஒருங்கிணைந்த வளர்ச்சி என மார்க்சியர் கூறுவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) காட்டிய தண்ணிமுறிப்பின் காடும் வயலும் அந்நாவலின் யதார்த்த உருவத்துள் இயல்பாக அடங்கின. வண்டு பறக்கும் வானம் அவ்வுருவத்துள் அவ்வாறு அடங்குமா என்பது ஐயத்துக்குரியது.

3

எமது இளைஞர் அதிக நேரம் செலவிட்டது ‘பப்ஜி’ விளையாட்டிலாகும். 2017இல் கணினிக்கும் 2018இற் கைத்தொலைபேசிக்கும் வெளிவந்த இவ்விளையாட்டு வடக்கிலும் விரைவாகப் பரவியது. நூறு பேர் விமானத்திலிருந்து தீவொன்றிற் குதிக்கின்றனர். கைவிடப்பட்ட வீடுகளில் ஆயுதமும் மருந்தும் தேடுகின்றனர். வரைபடத்திலே ஒரு வட்டம் பாதுகாப்பு வலயமாகக் குறிக்கப்படுகிறது. அது சிறிது நேரத்துக்கொருமுறை சுருங்குகிறது. வெளியே நிற்பவர் மெல்ல உயிரிழப்பர். இறுதியில் எஞ்சும் ஒருவர் அல்லது ஓர் அணி வெற்றி பெறும்.

“உந்த வட்டம் சுருங்கத் தொடங்கினா அம்மா எழும்பிப் போயிடுவா சேர். விளையாட்டெண்டு அவவுக்குத் தெரியும். எண்டாலும் பக்கத்திலை இருக்கமாட்டா” என்றார் அவர்.

தாய் எழுந்து செல்வதற்கான காரணத்தை வரலாறு பதிவு செய்துள்ளது. 2009 சனவரி பிற்பகுதியில் அரசாங்கம் புதுக்குடியிருப்புப் பிரதேசத்தில் சுமார் 35 சதுர கிலோமீற்றரைப் பாதுகாப்பு வலயமென அறிவித்தது. பெப்ரவரி 12இல் அது புதுமாத்தளன் கரையோரமாகச் சுமார் 14 சதுர கிலோமீற்றராக மாற்றப்பட்டது. மே 8இல் முள்ளிவாய்க்காலில் ஏறத்தாழ 2 சதுர கிலோமீற்றராகக் குறுகியது. மக்கள் ஒன்றுகூடுமாறு ஊக்குவிக்கப்பட்ட அவ்வலயங்கள் மீதே எறிகணைகள் வீழ்ந்தன என 2011இல் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை கூறியது. அக்கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரையில் இருக்கலாம் எனவும் அது குறிப்பிட்டது. அதே அறிக்கை, விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்ததையும் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையிற் சேர்த்ததையும் பதிவு செய்தது. வட்டத்தை வரைந்தவர் ஒருவர்; அதனுள் மக்களைப் பிடித்துவைத்தவர் இன்னொருவர். நடுவில் நின்றவர்கள் தறப்பாளும் அரிசியும் கிழவிகளும் குழந்தைகளுமாக நகர்ந்த மக்கள்.

விளையாட்டிலே வட்டத்தை வரைபவர் யாரென நாம் இளைஞரிடம் வினவினோம். அவர் சிரித்தார். “அது கேம்தான் சேர். ஆரும் கீறுறேல்லை.”

இவ்விடையிலேதான் இப்பண்டத்தின் கருத்தியல் அடங்கியுள்ளது எனலாம். இதன் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்போம். இவ்விளையாட்டை வடிவமைத்த பிரென்டன் கிரீன் ‘பற்றில் ரோயல்’ என்னும் யப்பானியத் திரைப்படத்தால் (2000) தூண்டப்பெற்றவர். அத்திரைப்படத்தின் மூலம் கோஷுன் தக்காமியின் நாவல் (1999). சர்வாதிகார அரசொன்று பாடசாலை வகுப்பொன்றைத் தீவொன்றுக்குக் கொண்டுசென்று, ஒருவரையொருவர் கொல்லுமாறு சட்டத்தின் பெயரால் ஏவுவதே அந்நாவலின் கதை. அங்கும் தடைசெய்யப்பட்ட வலயங்கள் பெருகுகின்றன. ஆனால் அவற்றை அறிவிப்பவன் அரசின் அலுவலன். கொலைப்போட்டி என்பது இயற்கையன்று, அது ஆட்சிமுறையொன்றின் கருவி என்பதே நாவலின் சாரம்.

நாவல் விளையாட்டாக மாறியபோது அரசு நீக்கப்பட்டது, போட்டி எஞ்சியது. சட்டம் மறைந்தது, வட்டம் மழையைப் போல, அந்திப்பொழுதைப் போலத் தானாக வருவதாயிற்று. மனித உறவுகள் பொருட்களுக்கிடையிலான உறவுகளாகத் தோற்றங்கொள்வதை மார்க்ஸ் பண்ட வழிபாடு என்றார். இங்கு ஆட்சியுறவு ஒன்று வரைபடத்தின் இயல்பாகத் தோற்றங்கொள்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இவ்விளையாட்டு ஆடையலங்காரங்களை விற்று இலாபமீட்டுகிறது என்பதையும் இதனுடன் சேர்த்து நோக்கவேண்டும். அமெரிக்க இராணுவம் 2002இல் ஆட்சேர்ப்புக்கெனத் தானே விளையாட்டொன்றை வெளியிட்டது; அங்கு நோக்கம் வெளிப்படையானது. ‘பப்ஜி’யின் நோக்கம் ஆட்சேர்ப்பன்று. ஆயினும், எஞ்சியிருக்கும் ஒருவனே வெற்றியாளன் என்ற போதனை சந்தையின் போதனையேயன்றி வேறன்று.

ஆனால் தாயின் செய்கை இப்போதனையை மறுக்கிறது. ‘ஆரும் கீறுறேல்லை’ என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. எமது நோக்கில், அவ்வீட்டில் அவ்விளையாட்டைச் சரியாக வாசித்தவர் எழுந்து சென்ற அத்தாயே.

4

இளைஞர் மிக உயர்வாக மதிக்கும் படைப்பு ‘அட்டாக் ஒன் டைட்டன்’ என்னும் அனிமே ஆகும். ஹாஜிமே இசயாமாவின் சித்திரக்கதையைத் (2009-2021) தழுவி 2013 முதல் 2023 வரை வெளிவந்த இத்தொடரில், மனிதரை உண்ணும் பேருருவங்களுக்கு அஞ்சிய மக்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மூன்று மதில்களுக்குள் வாழ்கின்றனர். வெளிமதில் உடைகிறது, அகதிகள் உள்ளே வருகின்றனர், உணவு போதவில்லை. இழந்த நிலத்தை மீட்பதெனக் கூறி ஆட்சியாளர் இரண்டரை இலட்சம் பேரை, அதாவது சனத்தொகையில் ஐந்திலொரு பங்கினரை, சாவுக்கு அனுப்புகின்றனர். இச்செய்தி தொடரில் விரைவாகக் கடந்துவிடும் ஒன்று. ஆனால் எமது இளைஞர் நிறுத்திப் பார்த்தது அதையே. “அங்கை அனுப்பினது வெளிமதில்ச் சனத்தைத்தான். உள்மதில்ச் சனம் ஒருத்தரும் போகேல்லை.” மேலதிகச் சனத்தொகையை அரசு எவ்வாறு கையாள்கிறது என்பது பற்றி இதனினும் செறிவான விமரிசனத்தை நாம் எதிர்பார்க்க முடியாது. ‘வீட்டுக்கு ஒருவர்’ என்ற கோரிக்கை எவ்வீடுகளின் கதவை முதலிற் தட்டியது என்பதும் வன்னியில் அறியப்பட்ட உண்மையே.

தொடரின் பிற்பகுதியில், மதில்களுக்குள் வாழ்ந்தோர் உலகத்தால் வெறுக்கப்படும் ஓரினத்தவர் என்பதும், அவ்வினத்தின் ஏனையோர் வேறொரு நாட்டிலே கையில் அடையாளப்பட்டி அணிந்து அடைப்பு வலயத்தில் வாழ்கின்றனர் என்பதும் வெளிப்படுகின்றன. 2009இற் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களின் முட்கம்பிகளுக்குள் சுமார் மூன்று இலட்சம் பேர் அடைக்கப்பட்டதை அனுபவித்த ஒருவர் இக்காட்சிகளை எவ்வாறு பார்ப்பார் என்பதை விளக்கத் தேவையில்லை.

இறுதியிற் கதாநாயகன் எரன், தன் மக்களைக் காப்பதற்கென உலகின் பெரும்பகுதியையே மிதித்தழிக்கிறான். இதுபற்றி இளைஞர் கூறியது: “எரன் செய்தது பிழைதான். ஆனா வேறை வழி எண்டு ஒருத்தரும் ஒண்டும் காட்டேல்லை.”

முதல் வாக்கியத்தோடு நாம் முற்றாக உடன்படுகிறோம். இரண்டாவதைப் படைப்பின் மீதான தீர்ப்பாக ஏற்கிறோம். உலகின் மீதான தீர்ப்பாக ஏற்கமாட்டோம். வேறு வழி ஏன் காட்டப்படவில்லை? இப்படைப்பு மனிதரை இனங்களாக மட்டுமே காண்கிறது. அடைப்பு வலயத்தை நடத்தும் நாட்டில் உழைப்போர் யார், அப்பகைமையால் இலாபமடைவோர் யார் என்பது அதன் கண்ணிற் படுவதில்லை. உள்மதிலுக்கும் வெளிமதிலுக்குமிடையே தொடக்கத்தில் அது கண்ட வர்க்க வேறுபாட்டைப் பின்னர் அதுவே கைவிடுகிறது. இனப்பகை வரலாற்றின் விளைவு என்பதினின்றும் நீங்கி, மனித இயல்பின் ஓயாச் சுழற்சியாகிவிடுகிறது. தொடரின் முதற்பகுதியைப் பிற்பகுதியிலும் மேலானதாக இளைஞர் கருதுவது வெறும் சுவை வேறுபாடன்று என்றே எமக்குத் தோன்றுகிறது. எமது தேசிய விடுதலைப் போராட்டமும் இதே கைவிடலைச் செய்தது. உள்மதில், வெளிமதில் பற்றிய வினாவை எழுப்பியோரை அது பொறுத்துக்கொள்ளவில்லை. இவ்வுண்மையைக் கூறுவதால் அரசின் குற்றம் அணுவளவும் குறையாது.

5

யுத்தத்தைப் பொதுமக்களின் நிலையிலிருந்து காட்டும் விளையாட்டும் உண்டு. போலந்து நாட்டிலே 2014இல் உருவான ‘திஸ் வோர் ஒப் மைன்’, 1990களின் சரயேவோ முற்றுகையால் தூண்டப்பெற்றது. அங்கு விளையாடுபவர் போர்வீரரல்லர். இடிந்த வீடொன்றில் உயிர்வாழ முயலும் சிலரை அவர் வழிநடத்தவேண்டும். இரவில் உணவும் மருந்தும் தேடிச் செல்லவேண்டும். திருடுவதா விடுவதா என முடிவுசெய்யவேண்டும். 2020இற் போலந்து அரசாங்கம் அதனைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலிற் சேர்த்தது.

எமது இளைஞரின் மதிப்பீடு வருமாறு: “பசி சரி சேர். செல் சத்தமும் சரி. ஆனா ஆக்கள் குறைவு. எங்கடை பங்கருக்கை பதினொரு பேர். மற்றது, அவை ஒரே வீட்டிலை இருக்கினம். நாங்கள் இருக்கேல்லையே.”

இது உருவம் பற்றிய நுண்ணிய விமரிசனமாகும். சரயேவோவின் அனுபவம் முற்றுகை. வன்னியின் அனுபவம் இடப்பெயர்வு. முற்றுகையில் வீடு நிலைத்திருக்கிறது. அதனுள் பொருட்கள் குறைகின்றன. இடப்பெயர்விலே வீடே கழற்றப்படுகிறது. கிளிநொச்சியிலிருந்து மக்கள் கூரைத்தகடும் கதவுநிலையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் புறப்பட்டனர். ஒவ்வோரிடத்திலும் சிலவற்றை விட்டுவிட்டு நகர்ந்தனர். முள்ளிவாய்க்காலிற் கையில் எஞ்சியது ஒரு பை. உயிரோடு சேர்த்துக் காக்கவேண்டியவற்றின் பட்டியல் குறைந்துகொண்டே வருவதே அக்கதையின் அமைப்பு. உள்ளடக்கம் தனக்குரிய உருவத்தைத் தேடுகிறது என்னும் பழைய வாய்பாட்டுக்கு இங்கே புதிய பொருள் கிடைக்கிறது. இசாவோ தக்காஹாட்டாவின் ‘மின்மினிகளின் கல்லறை’ (1988), குண்டுவீச்சால் அநாதைகளான அண்ணன் தங்கையின் பட்டினியைக் காட்டும் திரைப்படம். அதனை இளைஞர் இறுதிவரை பார்க்கவில்லை. ஏனென நாம் கேட்கவுமில்லை.

இலங்கையரின் ஆக்கங்களை நோக்குவோமாயின், வஜ்ர சந்திரசேகரவின் முதல் ஆங்கில நாவல் (2023) முக்கியமானது; அது நெபியூலா விருதைப் பெற்றது. புனிதரெனப் போற்றப்படும் தந்தையைக் கொல்வதற்கெனத் தாயால் வளர்க்கப்பட்ட ஒருவனே அதன் நாயகன். அவன் வாழும் நகரிலே மூடிய கதவுகள் சில திறக்கமுடியாத ஒளிர்கதவுகளாக மாறிவிடுகின்றன. அந்நகரில் இனவன்செயலும் கொள்ளைநோய்த் தடையும் தடுப்புமுகாமும் அலுவலகப் படிவங்களைப் போல அன்றாட ஒழுங்காகிவிட்டன. பெளத்த ஐதிகத்தையே கருவாக எடுத்துச் சிங்கள பெளத்தப் பேரினவாதத்தை உள்ளிருந்து விமரிசிக்கும் துணிவு இந்நாவலில் உண்டு. இங்கு வட்டத்தை வரைபவர் மறைக்கப்படவில்லை; அவர்களின் மடங்களும் ஏடுகளும் காட்டப்படுகின்றன. ஆங்கிலம் வாசிக்காத எமது இளைஞருக்கு இக்கதையை நாம் கூறினோம். “கதவுக்கு அங்காலை என்ன இருக்குது?” என்பதே அவரது ஒரே கேள்வி. இந்நூலைத் தமிழாக்குவது எமது பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். தென்னிலங்கையின் சிந்தனையுள்ள எழுத்தும் வன்னியின் உழைக்கும் இளைஞரும் சந்திப்பதற்கு அது ஒரு வழியாகலாம்.

6

உரையாடலின் இறுதி நாட்களில் இளைஞர் கொப்பி ஒன்றைக் காட்டினார். தாம் செய்ய விரும்பும் விளையாட்டொன்றுக்கான குறிப்புகள் அதில் இருந்தன. விளையாடுபவர் ஒரு தாய். துப்பாக்கி இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எதை எடுத்துச்செல்வது, எதை விடுவது, எங்கே பங்கர் வெட்டுவது, மூத்த பிள்ளையை எங்கே ஒளிப்பது என்பனவே செயல்கள். வெற்றி என ஒன்று இல்லை.

இம்முயற்சி குறித்து இரு ஆட்சேபங்கள் எழக்கூடும். மக்களின் பேரழிவை விளையாட்டாக்குவது தகுமா என்பது ஒன்று. யுத்தத்தின் பின்னர் அழிவின் எச்சங்கள் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சிப்பொருள்களாக்கப்பட்டதைக் கண்ட மக்களுக்கு இவ்வச்சம் நியாயமானதே. எவ்வளவு நேர்மையான படைப்பும் ஈற்றில் அதே சந்தையிற் பண்டமாகும் என்பது மற்றையது. இரண்டையும் நாம் தள்ளிவிடவில்லை. ஆயின் நாவலும் பண்டமாகவே பிறந்தது. எனினும் அதனூடாகச் சமூகம் தன்னை அறிந்துகொண்டது. எந்த உருவமும் பிறப்பினாலே பிற்போக்கானதன்று. வட்டத்தை வரைந்தவரையும் அதனுள் மக்களைத் தடுத்துவைத்தவரையும் ஒருசேரக் காட்டுகிறதா, அன்றி ஒருவரை மறைத்து மற்றவரைக் காட்டுகிறதா என்பதே அப்படைப்பை நாம் அளக்கவேண்டிய கோல். இளைஞரின் குறிப்புகளில் மூத்த பிள்ளையை ஒளிக்கும் கட்டம் இருந்தது. எறிகணை வரும் திசையும் இருந்தது.

கொப்பியில் ஒரு வரைபடமும் இருந்தது. அறிக்கைகளில் உள்ள வலய எல்லைகளை அவர் இணையத்திலிருந்து பார்த்து வரைந்திருந்தார். மேலிருந்து பார்த்த படம் அது. வண்டு பார்த்ததும் ஏறத்தாழ இதையே. 2009 ஏப்பிரலிற் புதுமாத்தளனிலிருந்து மக்கள் வெளியேறிய காட்சியை ஆளில்லா விமானத்திலிருந்து எடுத்து அரசு வெளியிட்டபோது, அதில் மனிதர் புள்ளிகளாகவே தெரிந்தனர்.

அவ்வரைபடத்தின் மேல் வேறொரு கையெழுத்தாற் சில இடங்கள் சுழியிடப்பட்டிருந்தன. அவை யாவை எனக் கேட்டோம். “அம்மா போட்டவ. நல்லதண்ணிக் கிணறுகளாம். இரண்டாம் வலயத்திலை கிணறு காணாதாம், முதல் இருந்த இடத்திலைதான் கிணறாம். இதில்லாமல் கேம் பிழையெண்டு சொல்லுறா.” சுருங்கும் வட்டத்தைப் பார்க்க மறுத்த தாய், தன் மகன் வரைந்த வட்டத்தைத் திருத்த முன்வந்திருக்கிறார். அவரது திருத்தம் எல்லைக்கோட்டைப் பற்றியதன்று; அதனுள் உயிர்வாழ்வதற்கான பொருளாதாரத்தைப் பற்றியது.

இத்தகைய அறிவு வன்னியின் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. அது பெரும்பாலும் பெண்களிடம் உள்ளது. அவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். அதனைத் தேடித் தொகுப்பதும், எந்த உருவத்தில் வரினும் அதனை மதிப்பிடத்தக்க விமரிசனக் கருவிகளை ஆக்குவதும் முற்போக்குத் திறனாய்வின் உடனடிக் கடமைகளாகும். விஞ்ஞானப் புனைவையும் அனிமேயையும் விளையாட்டையும் இளைஞரின் வீண்பொழுதென ஒதுக்கிக்கொண்டு இக்கடமையை நிறைவேற்ற இயலாது என்பதே எமது துணிபு.